சோதனை 'இல்லை' என்ற பிறகும் மருந்து எதற்கு?

காய்ச்சலுடன் வருபவரின் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சிறிய அட்டையில் இடுகிறோம். மலேரியாக் கிருமியின் புரதம் இருந்தால் 15 முதல் 20 நிமிடங்களில் கோடு தோன்றும். நுண்ணோக்கி இல்லாத சிற்றூரிலும் இச்சோதனை இயலும். எனவேதான், சோதித்து உறுதி செய்த பின்னரே மலேரியா மருந்து தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் எல்லா வயதினருக்கும் பரிந்துரைத்தது.

ஆயினும் சோதனை செய்வது வேறு; அதன் முடிவை மதிப்பது வேறு. தான்சானியாவின் வடகிழக்கில் நடத்தப்பெற்று 2007இல் வெளியான ஓர் ஆய்வில், விரைவுச் சோதனையில் மலேரியா இல்லை என்று தெரிந்தவர்களுள் 54 சதவீதத்தினருக்கு மலேரியா மருந்தே தரப்பட்டிருந்தது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று மாத்திரை எழுதும் வழக்கமும், அதைக் கேட்டு வாங்கும் வழக்கமும் நம் நாட்டுக்கும் புதியவை அல்ல.

இதனால் என்ன கேடு என்று சிலர் வினவுவர். மாத்திரை வீணாவது சிறு கேடு. மலேரியா என்று எண்ணியிருக்கும் நாள்களில் டெங்குவோ, டைபாய்டோ, எலிக்காய்ச்சலோ உள்ளே முற்றிவிடுவதே பெருங்கேடு. அவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு.

சோதனையும் முற்றிலும் குறையற்றதன்று. கிருமிகள் மிகக் குறைவாயின் கோடு தோன்றாமல் போகலாம். நோய் குணமாகிச் சில வாரங்கள் வரை சிலவகை அட்டைகளில் கோடு தோன்றவும் கூடும். ஆதலால் ஐயம் எழுந்தால் இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்க்கிறோம்; காய்ச்சல் நீடித்தால் மீண்டும் சோதிக்கிறோம். உயிருக்கு ஆபத்தான நிலையில், முடிவு தாமதமாகுமெனில் மருந்தை உடனே தொடங்குவது விதிவிலக்கு. மற்றபடி, ஐயத்தைத் தீர்க்க வேண்டியது மறுசோதனையே, மாத்திரையன்று.

நோயாளிகளும் உடனிருப்போரும் இதில் எங்களுக்குத் துணைநிற்க இயலும். சோதனை முடிவைக் கேட்டறிந்து சீட்டைப் பாதுகாத்து வையுங்கள். மலேரியா இல்லையெனில், மலேரியா மாத்திரை கேட்பதை விடுத்து, 'அப்படியானால் இது என்ன காய்ச்சல்?' என்று வினவுங்கள். அதற்கு விடை தேடுவது எங்கள் கடமை. வைவாக்ஸ் மலேரியா என்று உறுதியாகிப் பிரைமாகுவின் தரப்பட்டால், காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல், மருத்துவர் குறித்த நாள்கள் முழுவதும் உட்கொள்ளுங்கள். கல்லீரலில் உறங்கும் கிருமியை அழிக்கவே அம்மருந்து.

மலேரியா இல்லை என்று வீடு திரும்பியவருக்குக் காய்ச்சல் இரண்டு நாள்களில் தணியாவிட்டால் மீண்டும் அழைத்து வாருங்கள். மயக்கம், மூச்சுத்திணறல், ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினால் ஒரு நாளும் காத்திராதீர்கள்.