கொட்டகை கேமரா அடிக்கடி நிற்கிறது... புது ரூட்டர் வாங்கலாமா?

“தோட்டத்து வீட்டில் ஃபைபர் இன்டர்நெட் இணைப்பு இருக்கிறது. சினைமாடுகளைக் கவனிக்க, 40 மீட்டர் தள்ளியிருக்கும் கொட்டகையில் வைஃபை கேமரா வைத்திருக்கிறோம். அடிக்கடி படம் நின்றுவிடுகிறது. போன மாதம் அப்படி நின்ற ஓர் இரவில், மாடு கன்று ஈன முடியாமல் சிரமப்பட்டு, கன்று இறந்துவிட்டது. ‘ரூட்டரை மாற்றுங்கள்’ என்கிறார் கடைக்காரர். மாற்றினால் சரியாகிவிடுமா?”

- வாசகர், பொள்ளாச்சி

குறை எங்கே என்று தெரியாமல் ரூட்டரை மாற்றினால், அடுத்த மாடு கன்று ஈனும் இரவிலும் படம் நிற்கலாம். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், யாரும் உடனே புது மோட்டார் வாங்குவதில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் எடுக்கிறதா, குழாயில் உடைப்பா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். இன்டர்நெட்டுக்கும் அதே வரிசைதான். வெளியிலிருந்து வரும் ஃபைபர் வயர் கிணறு என்றால், வீட்டில் இருக்கும் ரூட்டர்தான் மோட்டார். அங்கிருந்து கேமரா வரை போகும் வைஃபை அலை, குழாய்.

முதலில் விளக்குகளைப் பாருங்கள்

படம் நின்றதும் பலர் செய்யும் முதல் வேலை, ரூட்டரை அணைத்துப் போடுவது. அப்படிச் செய்தால் குறையைக் காட்டும் அடையாளம் அழிந்துவிடும். முதலில் ரூட்டரில் எந்தெந்த விளக்கு எரிகிறது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘பி.ஓ.என்.’ என்ற விளக்கு பச்சையாக, விட்டு விட்டு எரியாமல் நிலையாக இருந்தால், ஃபைபர் வழியாக ஒளி ஒழுங்காக வருகிறது என்று பொருள். ‘எல்.ஓ.எஸ்.’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வரவில்லை; குறை வயரில்தான். அப்போது ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை, புது ரூட்டரும் வேலை செய்யாது. தென்னை மட்டை விழுந்து வயர் அறுந்திருக்கலாம். எலியோ அணிலோ கடித்திருக்கலாம். சுவர் மூலையில் வயர் கூர்மையாக மடங்கியிருக்கலாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மடங்கினால் ஒளி கசிந்துவிடும்.

இணைப்புக் கொடுத்தவரை அழைத்து, ஒளியின் அளவை மீட்டரில் பார்க்கச் சொல்ல வேண்டும். பொதுவாக அது மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டி.பி.எம். வரை இருக்கலாம். மைனஸ் 28, 29 என்று இறங்கினால் இணைப்பு விட்டு விட்டுத்தான் வரும். ஒரு எச்சரிக்கை: ஃபைபர் வயரைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால், கண்ணைப் பாதிக்கும்.

பி.ஓ.என். நிலையாக எரிந்து, ‘இன்டர்நெட்’ விளக்கு மட்டும் எரியவில்லை என்றால், மாதக் கட்டணம் முடிந்திருக்கலாம், அல்லது நிறுவனத்தின் பக்கம் தடங்கல் இருக்கலாம்.

மோட்டார் போடும்போது நிற்கிறதா?

எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்து மறுபடி எரிந்தால், மின்சாரத்தில்தான் குறை. மும்முனை மின்சாரம் வரும் நேரத்திலும், மோட்டார் ‘ஸ்டார்ட்’ ஆகும் நேரத்திலும் மின்னழுத்தம் சட்டென்று இறங்கி ஏறும். அந்த ஒரு நொடியில் ரூட்டர் அணைந்துவிட்டால், மீண்டும் இணைப்புப் பெற்று கேமரா படம் வர சில நிமிடங்கள் ஆகும். பழைய அடாப்டரும் இதே தொல்லையைக் கொடுக்கும். விளக்கு எரியும், ஆனால், வேலைப்பளு கூடும்போது ரூட்டர் தானாக அணைந்து எழும்.

புது ரூட்டருக்குப் பதிலாக, முதலில் அடாப்டரை மாற்றிப் பார்க்கலாம். பழையதில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு (பெரும்பாலும் 12) அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ, கூடுதலாகவோ இருக்கலாம். ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். கொட்டகையில் கேமராவுக்கும் அதேபோல ஒன்று தேவை.

அணைத்துப் போடுவதாக இருந்தால், சுவிட்சை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் போதும். ரூட்டரின் பின்னால் ஊசியால் அழுத்தும் சிறு துளை இருக்கும். அது ‘ரீசெட்’. அதை அழுத்தினால் நிறுவனத்தின் அமைப்புகளும் பாஸ்வேர்டும் அழிந்து, லைன்மேன் வரும்வரை நெட் இருக்காது.

வைஃபை எட்டுகிறதா?

விளக்குகள் எல்லாம் சரி, படம் மட்டும் வரவில்லை என்றால், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் சோதிக்க வேண்டும். ரூட்டர் பக்கத்தில் நன்றாக வந்து, கேமராவின் அருகே போனதும் நின்றால், குறை வைஃபை தூரத்தில். கொட்டகையின் தகரக் கூரையும் தகர மறைப்பும் வைஃபை அலையைத் தடுக்கும். இடையில் அடர்ந்த வாழை இருந்தால், இலையில் உள்ள நீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்குப் பிறகு படம் மோசமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரூட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைகள் இருந்தால், கேமராவை 2.4-ல் இணைக்க வேண்டும். அது வேகம் குறைவு. ஆனால், தூரமும் சுவரும் தாண்டும். ரூட்டர் பீரோவுக்குள், டி.வி.க்குப் பின்னால் இருந்தால் எடுத்து, கொட்டகைப் பக்கத்து ஜன்னலருகே உயரமாக வைத்துப் பார்க்கலாம். ‘எக்ஸ்டெண்டர்’ வாங்கினால், அதைக் கொட்டகையில் வைக்கக் கூடாது. வைஃபை இன்னும் நன்றாக எட்டும் பாதி வழியில் வைக்க வேண்டும்.

நிரந்தரத் தீர்வு, கொட்டகைக்கு லேன் கேபிள் இழுப்பது. 100 மீட்டர் வரை அது தாங்கும். ஆனால், அது செம்புக் கம்பி. திறந்தவெளியில் இழுத்தால் இடி, மின்னலின்போது ரூட்டரும் கேமராவும் சேர்ந்து போகும் ஆபத்து உண்டு. குழாயில் போட்டு மண்ணில் புதைப்பதும், மின்னல் நேரத்தில் இரு முனையையும் கழற்றி வைப்பதும் அவசியம்.

ஒரு வாரக் குறிப்பு

படம் நிற்கும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், எரிந்த விளக்கு, அப்போது மோட்டார் ஓடியதா, மழையா என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒரு வாரத்தில் குறை எந்தப் பக்கம் என்று அதுவே சொல்லிவிடும். வயர் குறை என்றால், வாய்வார்த்தையாகச் சொல்லாமல், புகார் மையத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால், டிராய் அமைப்பின் 2012-ம் ஆண்டு விதிகளின்படி, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

ரூட்டரின் பக்கத்திலேயே வைஃபை விட்டு விட்டு வந்து, அடாப்டரும் வயரும் சரியாக இருந்தால் மட்டுமே ரூட்டரை மாற்ற வேண்டும். அப்போதும் முதலில் நிறுவனத்திடம் கேட்பது நல்லது. பல இடங்களில் ரூட்டர் அவர்களுடையதாகவே இருக்கும்.

எல்லாம் சரியானாலும், கன்று ஈனும் நாள் நெருங்கிய மாட்டை கேமராவை மட்டும் நம்பி விடக் கூடாது. மடி இறுகி, வால் அடிப்பகுதியின் இருபுறமும் தளர்ந்து குழி விழுந்துவிட்டால், இரவில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பனிக்குடம் தெரிந்து ஒரு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லை என்றால், கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் 1962. அந்த எண்ணையும், அருகிலுள்ள மருத்துவரின் எண்ணையும் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வைப்பது நல்லது.