வரைபை வரையத் தெரிந்தால் மட்டும் போதுமா?

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' சூறாவளி இந்நாட்டைத் தாக்கிய வேளையில், களனி கங்கையின் இரு மருங்கிலும் வாழ்ந்த மக்கள் இரவு பகலாக உறக்கமின்றித் தவித்ததை எவரும் மறந்திருக்க முடியாது. கிராண்ட்பாஸ், மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை ஆகிய பகுதி மக்களின் கைத்தொலைபேசிகளில் அந்நாட்களில் இடைவிடாது வலம் வந்தவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்ட அட்டவணைகளாகும். நாகலகம் வீதியில் நீர்மட்டம் எத்தனை அடி என்பதே எல்லோருடைய வினாவாகவும் இருந்தது.

ஆனால், அந்த ஒற்றை எண்ணைக் கொண்டு மட்டும் வீட்டை விட்டு வெளியேறுவதா, இருப்பதா என்ற முடிவை எடுத்துவிட முடியாது. கடந்த சில மணித்தியாலங்களில் நீர் எவ்வளவு உயர்ந்தது? உயரும் வேகம் கூடுகின்றதா, குறைகின்றதா? ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஹங்வெல்லவில் நிலைமை என்ன? அங்கு உச்சத்தைத் தொட்ட நீர் கொழும்பை வந்தடையச் சில மணித்தியாலங்கள் பிடிக்கும் அல்லவா? இவ்வினாக்களுக்கு அட்டவணையில் விடை தேடுவது கடினம். அதே எண்களை ஒரு வரைபாக வரைந்தால் விடை ஒரே பார்வையில் கிடைத்துவிடும். நாகலகம் வீதியின் அளவு அடியிலும் ஏனைய நிலையங்களின் அளவுகள் மீற்றரிலும் தரப்படுவதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்பியவர்களும் உண்டு. அச்சின் அலகைப் பார் என்று வகுப்பறையில் சொல்லப்படும் சாதாரண அறிவுரை, உயிரோடும் உடைமையோடும் தொடர்புபட்ட விடயமாக மாறும் சந்தர்ப்பம் இதுவாகும்.

நமது பிள்ளைகள் வரைபைப் படிக்காதவர்கள் அல்லர். ஆரம்ப வகுப்புகளிலேயே சலாகை வரைபு அறிமுகமாகிவிடுகின்றது. பின்னர் ஆள்கூற்றுத் தளமும் நேர்கோட்டு வரைபும் வருகின்றன. க.பொ.த. சாதாரண தரக் கணித வினாத்தாளின் இரண்டாம் பகுதியில் இருபடிச் சார்பொன்றின் வரைபு பற்றிய வினா வழமையாக இடம்பெறுகின்றது. வெள்ளவத்தையின் தனியார் வகுப்புகளில் 'நிச்சயமான புள்ளிகள்' என்று அதனைச் சொல்லிக் கொடுப்பர். அட்டவணையில் விடுபட்ட பெறுமானத்தை நிரப்ப வேண்டும்; அளவிடையைத் தெரிவு செய்து புள்ளிகளைக் குறிக்க வேண்டும்; ஒப்பமான வளையியை வரைய வேண்டும்; திரும்பற் புள்ளியையும் சமச்சீர் அச்சையும் எழுத வேண்டும். இருபது கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பழகிய மாணவர் கண்ணை மூடிக்கொண்டும் இதனைச் செய்துவிடுவார்.

அதே மாணவரிடம் வேறொரு வரைபைக் காட்டிப் பாருங்கள். காலி வீதி வழியே பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குச் செல்லும் 100 ஆம் இலக்க பஸ்ஸின் தூர-நேர வரைபு அது. கோடு மேலே ஏறுகின்றது. இடையில் கிடையாகச் செல்கின்றது. மீண்டும் முன்னிலும் செங்குத்தாக ஏறுகின்றது. கிடையான பகுதியில் பஸ் என்ன செய்தது என்று வினவினால், 'சமதரையில் ஓடியது' என்று விடை கூறுவோர் கணிசமானோர் இருப்பர். ஏறும் கோடு மேட்டுப் பாதையாகவும் கிடைக்கோடு சமவெளியாகவும் அவர்களுக்குத் தென்படுகின்றன. வெள்ளவத்தைச் சந்தியின் சமிக்ஞை விளக்கில் பஸ் அசையாமல் நின்றது என்பதே சரியான விடை.

இது நமது மாணவரின் குறைபாடு மட்டுமன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிலியன் மக்டெர்மொட்டும் அவரது சகாக்களும் 1987 இல் வெளியிட்ட ஆய்வு, பல்கலைக்கழக மாணவரும் இதே தவறுகளைச் செய்வதை எடுத்துக்காட்டியது. வரைபைப் படமாகக் காண்பது ஒரு தவறு; கோட்டின் உயரத்தையும் அதன் சாய்வையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது மற்றையது. 1994 இல் ரொபர்ட் பைக்னர் இதற்கெனவே ஒரு சோதனையை வடிவமைத்து வெளியிட்டார். எனவே, உலகெங்கும் அறியப்பட்ட நோய் இது. நோய் அறியப்பட்ட பின்னரும் மருந்து நமது வகுப்பறைகளுக்கு வந்து சேராமைதான் கவலைக்குரியது.

தமிழ்மொழி மூல மாணவருக்கு, அவர் தமிழராயினும் முஸ்லிமாயினும், மேலதிகமான ஓர் இடர்ப்பாடும் உண்டு. நமது பாடநூல்கள் 'வரைபு' என்று எழுதுகின்றன. பேச்சு வழக்கிலோ 'வரைபடம்' என்கிறோம். நாட்டின் படத்துக்கும் அதே சொல்தான். வரைபைப் பாதையின் படமாகக் காணும் தவறுக்கு நமது சொல்லே துணைபோகின்றது. இணையத்தில் தமிழக ஆசிரியர்களின் காணொளிகளைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைகள் இன்னொரு சிக்கலில் அகப்படுகின்றனர். நாம் 'படித்திறன்' என்பதை அவர்கள் 'சாய்வு' என்கின்றனர். நமது 'ஆர்முடுகல்' அங்கே 'முடுக்கம்'. நாம் 'வேகம்' என்பது அங்கே 'திசைவேகம்'. அவர்கள் 'வேகம்' என்பதோ நமக்குக் 'கதி'. ஒரே சொல் இரு பொருளில் வந்து நிற்கும்போது, வேக-நேர வரைபை விளங்கிக் கொள்ளும் பிள்ளையைக் காட்டிலும் மனனம் செய்யும் பிள்ளையே பெருகுவதில் வியப்பில்லை.

கணித ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒருவரையொருவர் அறியாதது போல் கற்பிப்பதும் மற்றுமொரு காரணமாகும். கணித பாடத்தில் படித்திறன் என்பது அலகற்ற வெறும் எண். விஞ்ஞான பாடத்தில் அதுவே செக்கனுக்கு இத்தனை மீற்றர் எனப் பொருள் பெறுகின்றது. இரண்டும் ஒன்றே என்பதை மாணவருக்கு எடுத்துச் சொல்வது யாருடைய பொறுப்பு என்பதுதான் தெளிவில்லை. இதன் விலையை உயர்தர பௌதிகவியல் மாணவர் செலுத்துகின்றனர். பரிசோதனையொன்றில் எந்தக் கணியத்தை எந்த அச்சில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும், அதன் வெட்டுத்துண்டு எதனைக் குறிக்கும் என்ற வினாக்களின் முன் சாதாரண தரத்தில் 'ஏ' சித்தி பெற்றவர்களும் திகைத்து நிற்கின்றனர்.

பரீட்சை மண்டபத்தோடு இவ்விடயம் முடிந்துவிடுமாயின் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதமாக உச்சத்தை எட்டியது. 2023 செப்டெம்பரில் அது 1.3 வீதமாகியது. பணவீக்கம் வீழ்ந்தது என்று அரசாங்கம் அறிவித்தபோது, அப்படியாயின் அரிசியும் பருப்பும் ஏன் மலியவில்லை என்று மக்கள் சினந்தனர். அறிவிப்பும் பொய்யன்று, மக்களின் அனுபவமும் பொய்யன்று. விலை என்பது கோட்டின் உயரம். பணவீக்கம் அக்கோட்டின் ஏற்றம். ஏற்றம் தணிந்ததேயன்றி உயரம் குறையவில்லை. மலையேறியவன் உச்சியின் சமதரையில் நடப்பதனால் அடிவாரத்துக்கு வந்துவிட்டதாகக் கொள்ள முடியுமா? உயரத்தையும் சாய்வையும் குழப்பும் வகுப்பறைத் தவறு, ஒரு தேசத்தின் அரசியல் விவாதத்தையே குழப்பிவிட்டது.

இதனிலும் பாரதூரமானது வரைபு ஆயுதமாகும் சந்தர்ப்பம். 1981 குடிசன மதிப்பீட்டில் இஸ்லாமியர் 7.6 வீதம், 2012 இல் 9.7 வீதம். முப்பத்தோர் ஆண்டுகளில் ஏற்பட்ட மாற்றம் இவ்வளவே. பௌத்தர்களின் வீதமும் அதே காலத்தில் 69.3 இலிருந்து 70 ஐத் தாண்டியது. ஆனால், நிலைக்குத்தச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்காமல் 7 இலிருந்து தொடங்கி இரு சலாகைகளை வரைந்தால், இரண்டாவது சலாகை முதலாவதைப் போல் நான்கரை மடங்கு உயரமாக எழுந்து நிற்கும். எண்ணில் பொய்யில்லை, கண்ணுக்குத் தெரிவதோ பெரும் பொய். சனத்தொகைப் பெருக்கம் பற்றிய அச்சமூட்டும் பிரசாரங்கள் இந்நாட்டில் எத்தகைய விளைவுகளுக்குத் துணைபோயின என்பதை அளுத்கமவும் திகனவும் அறியும். அச்சு எங்கே தொடங்குகின்றது என்று கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறையை, சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் உருவாக்குவது கணித ஆசிரியரின் பணி மட்டுமன்று. சமூக நல்லிணக்கத்தின் பணியுமாகும்.

ஆசிரியர் பற்றாக்குறையும் பாடவிதானச் சுமையும் நாம் அறியாதவை அல்ல. கடதாசித் தட்டுப்பாட்டினால் 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்ட நாடு இது. ஆயினும் இங்கு தேவைப்படுவது பெருஞ்செலவன்று. சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்றே போதும். மாணவர் தமது வீட்டு மின்பட்டியலின் பன்னிரண்டு மாத அலகுகளைக் குறிக்கட்டும். களனி நீர்மட்டத்தை மழைக்காலத்தில் நாளாந்தம் குறிக்கட்டும். வீட்டிலுள்ள கைக்குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டில் குடும்பநல உத்தியோகத்தர் மாதந்தோறும் இடும் புள்ளிகளைப் பார்க்கட்டும். அங்கே ஒரு தனிப் புள்ளியைவிடக் கோடு செல்லும் திசையே முக்கியம் என்பதை எழுத்தறிவு குறைந்த தாய்மார்கூட அறிவர். புள்ளிகளைக் குறிப்பதற்கு முன்னர் 'இக்கோடு எவ்வாறு செல்லும்?' என்று வகுப்பில் ஊகிக்கச் செய்வதும், வரைந்த பின்னர் 'இதனை ஒரு வாக்கியத்தில் சொல்' என்று கேட்பதும் ஆசிரியருக்குப் பத்து நிமிட வேலையே.

பரீட்சைத் திணைக்களத்துக்கும் தேசிய கல்வி நிறுவகத்துக்கும் இதில் பங்குண்டு. எது வினவப்படுகின்றதோ அதுவே கற்பிக்கப்படும் என்பது நமது கல்வியின் எழுதாச் சட்டம். வரையச் சொல்லும் வினாவோடு, வரைந்து தரப்பட்ட வரைபொன்றை வாசித்து அதிலுள்ள குறையைச் சுட்டச் சொல்லும் வினா ஒன்றும் ஆண்டுதோறும் வருமாயின், வெள்ளவத்தையின் தனியார் வகுப்புகள் மறுவாரமே மாறிவிடும். நாகலகம் வீதியின் நீர்மட்டம் மீண்டும் உயரும் நாளொன்று வரத்தான் போகின்றது. அன்று அந்த எண்களைப் பார்த்து, எப்போது புறப்பட வேண்டும் என்று தன் குடும்பத்துக்குச் சொல்லக்கூடிய ஒரு பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.