ஓவியர்க்கும் ஒரு பாயிரம்

நூல் வெளியீட்டு விழாவிலே நன்றியுரை நிகழ்த்துபவர் அச்சகத்தாரை மறப்பதில்லை. மண்டபம் தந்தவரை மறப்பதில்லை. ஒலிபெருக்கி பூட்டியவரையும் மறப்பதில்லை. ஆனால், நூலைக் கையில் எடுப்பவரின் கண் முதலிலே சென்று பதியும் அட்டைப்படத்தை வரைந்தவர் யார் என்பது பல வேளைகளிற் சபைக்குத் தெரியாமலே போய்விடுகின்றது. நூலைப் புரட்டிப் பார்த்தாலும் அவர் பெயர் அகப்படுவதில்லை. அவருக்கு என்ன சன்மானம் கொடுத்தீர்கள் என்று வினவினால், "அவர் எங்கடை ஆள்தானே" என்னும் விடை கிடைக்கும். இவ்வழக்கம் நம் இலக்கிய உலகுக்குப் பெருமை தருவதன்று.

மாதச் சம்பளத்துக்கு ஓரிடத்தில் அமராது, வரும் வேலையை ஏற்று வரைந்து கொடுக்கும் ஓவியரையே ஈண்டுக் குறிக்கின்றேன். நம்மிடையே அவர்களிற் பலர் பாடசாலைகளிலே சித்திரம் கற்பிப்போர். சிலர் அண்மையிலே கலை பயின்று வெளியேறிய இளைஞர். நூலாசிரியரோ பெரும்பாலும் தம் சொந்தப் பணத்திலே நூலை அச்சிடுபவர். இருவரும் முன்னரே அறிமுகமானவர்கள். ஆதலின், "தம்பி, அட்டைக்கு ஒரு படம் கீறித் தாரும், காசைப் பிறகு பாப்பம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. பணம் பேசுதல் நட்புக்கு இழுக்கு என்று இருவரும் நாணுகின்றனர். அந்த நாணமே பின்னர் நட்பைக் கெடுக்கின்றது. படம் பிந்துகின்றது, வந்த படம் மனத்துக்கு ஒவ்வவில்லை, நான்கு முறை மாற்றச் சொல்கின்றார் ஒருவர், சலித்துப்போய்க் கைபேசியை எடுக்காது விடுகின்றார் மற்றவர். ஈற்றில் இருவரும் ஒருவரையொருவர் குறைகூறித் திரிகின்றனர்.

பண்டித வகுப்பிலே நன்னூல் கற்பிக்கும் எனக்கு இவ்விடத்திற் பாயிர இலக்கணம் நினைவுக்கு வருகின்றது. சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டியவை எட்டு என்று வகுத்தனர் முன்னோர். அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டது ஆக்கியோன் பெயர். நூலின் பெயரும் பயனுங்கூட அதற்குப் பின்னரே வருகின்றன. அன்றியும், நன்னூலே ஒருவர் வேண்டிக்கொள்ள மற்றொருவர் செய்த நூலாகும். சீயகங்கன் கேட்கப் பவணந்தி முனிவர் இயற்றினார் என்று அதன் சிறப்புப் பாயிரம் இருவரையும் குறிக்கின்றது. செய்வித்தவன் பெயரும் செய்தவர் பெயரும் ஒருங்கே நிலைபெற்றன. ஒன்று மற்றொன்றை மறைக்கவில்லை. எழுதியோனுக்கு இந்நெறியை வகுத்த மரபிலே வந்த நாம், நூலின் முகத்தை ஆக்கியோனுக்கு அதனை மறுத்தல் எங்ஙனம் பொருந்தும்?

இது பழங்காலத்துப் பேச்சு என்பார்க்கு, அச்சு யுகத்து உதாரணம் ஒன்றும் காட்டலாம். இங்கிலாந்திலே லூயிஸ் கரோல் என்னும் புனைபெயர் பூண்ட கணித ஆசிரியர், அலிஸ் என்னும் சிறுமியின் அற்புத உலகக் கதையை 1865 இல் நம்மவரைப் போலவே தம் கைப்பொருள் செலவிட்டு வெளியிட்டார். அதற்கு 42 சித்திரங்கள் வரைந்த ஜோன் டெனியலுக்கு 138 பவுண் கொடுத்தார். முகப்புப் பக்கத்திலே சித்திரங்களின் தொகையும் ஓவியர் பெயரும் அச்சாயின. அச்சிட்ட 2,000 பிரதிகளிலே படங்கள் செவ்வையாகப் பதியவில்லை என்று டெனியல் குறைப்பட, கரோல் அப்பதிப்பை நிறுத்திப் புதிதாக அச்சிடுவித்தார். அடுத்த நூலுக்கு வரைந்தபோது, குளவி ஒன்று தோன்றும் பகுதி தம்மைக் கவரவில்லை என்றும், அதைப் படமாக்கும் வழி தெரியவில்லை என்றும் 1870 இல் டெனியல் ஒளியாது எழுதினார். கரோல் அப்பகுதியையே நீக்கிவிட்டார். ஒருவர் தம் கருத்தைக் காலத்தோடு சொன்னார். மற்றவர் அதற்குச் செவிகொடுத்தார். இதுவே இரு திறத்தார்க்கும் உரிய ஒழுக்கம்.

நம் நாட்டுச் சட்டத்தையும் ஓவியர் அறிந்திருத்தல் நன்று. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவர் பெயர் படைப்பிலே குறிக்கப்பெறும் உரிமையை அளிக்கின்றது. ஆயினும், ஒருவர் கேட்டுச் செய்வித்த படைப்பின் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறு விதமாகக் கூறாவிடின், செய்வித்தவரையே சாரும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. வாய்ப்பேச்சோடு நின்ற ஓவியர், தம் படம் இரண்டாம் பதிப்பிலும் நாட்காட்டியிலும் ஏறிய பின்னர் வருந்துவதாற் பயனில்லை.

ஆகவே, வேலை தொடங்குமுன் ஒரு பக்கக் கடிதம் வேண்டும். எத்தனை படம், முதல் மாதிரி எந்நாளில், எத்தனை முறை திருத்தம், பணம் எவ்வளவு, அதில் முற்பணம் எவ்வளவு, இடையிலே நூல் கைவிடப்பட்டாற் செய்த வேலைக்கு என்ன கொடுப்பது, படத்தை வேறெங்கு பயன்படுத்தலாம், மூலப்படம் யாரிடம் இருக்கும், ஓவியர் பெயர் எப்பக்கத்தில் வரும்: இவை எழுதப்பட்டு இருவரும் ஒப்பமிட்டாற் போதுமானது. இஃது ஐயத்தின் அடையாளமன்று. நட்புக்குக் கட்டிய வேலியாகும்.

ஓவியர் தரப்பிலும் கடமைகள் உள. கையெழுத்துப் பிரதியை வாசியாது வரைதல் கூடாது. பனங்கூடலிலே நிகழும் கதைக்குத் தென்னஞ்சோலையை வரைந்து கொடுத்தால், வாசகன் நகைப்பது நூலாசிரியரையே. பிறர் படத்தைப் பெயர்த்து வரைதல் களவு. கணினி தானாக ஆக்கித் தரும் படத்தைத் தம் கைவண்ணம் என்று கொடுத்துப் பணம் பெறுதல் வஞ்சனை. இயலாத வேலையை முதல் நாளிலேயே மறுத்துவிடுதல், ஒப்புக்கொண்டு இழுத்தடிப்பதினும் ஆயிரம் மடங்கு மேலானது.

"நூல் விற்று முதலே திரும்புவதில்லை, ஓவியருக்கு எங்ஙனம் கொடுப்பது?" என்பர் நூலாசிரியர். அவர் இடர்ப்பாட்டை நான் அறியாதவனல்லன். ஆனால் அதே கையிலிருந்து தாளுக்கும் அச்சுக்கும் பொன்னாடைக்கும் பணம் போகின்றது. ஓவியரின் உழைப்பு மாத்திரம் ஏன் இலவசமாதல் வேண்டும்? சிறு தொகை கொடுப்பதிலே வெட்கமில்லை. அதனை முன்னரே சொல்லாமையே வெட்கம். ஓவியர் மனமுவந்து இலவசமாக வரைந்து தருவாராயின் அது கொடை. கொடையைக் கொடையென்று முதலிலேயே பெயரிட்டு, நூலிலும் நன்றியோடு பதிதல் வேண்டும். கூலியாகக் கேட்டுப் பெற்றதை ஈற்றிலே கொடையாக்குதல் முறையன்று.

அணிந்துரை எழுதும் ஆசிரியர்களும், நூல் நயப்புரை வழங்கும் அறிஞர்களும் இவ்விஷயத்திலே ஒன்று செய்யலாம். எம்மிடம் நூல் வரும்போது ஓவியர் பெயர் அதில் உண்டா என்று பார்த்து, இல்லையாயின் அச்சேறுமுன் சேர்க்கச் சொல்லலாம். படம் நன்றாயின் அதனையும் நயந்து ஒரு வாக்கியம் கூறலாம். இனி என்னிடம் அணிந்துரை நாடி வருவோரை யான் கேட்கப்போகும் முதல் வினா இதுவே: "அட்டைப்படம் கீறியவர் யார்? அவருடைய கணக்குத் தீர்ந்துவிட்டதா?"