இறங்கிப் போகிற கோயில்



போன மாதம் ஆராவ் ஸ்டேசனில் புதிதாக வந்த ஒரு குடும்பத்தைக் கண்டு கதைத்தேன். "தம்பி, சாப்பாடு இருக்கு, வீடு இருக்கு. செபம்தான் வருகுதில்லை" என்றார் அந்த அக்கா. பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன். நான் ஓ.எல். உடன் படிப்பை விட்டவன், மறைக்கல்வி சொல்லித்தரத் தகுதி இல்லை. எனக்கு நடந்ததைத்தான் எழுதலாம்.

எங்களுடையது மன்னார்ப் பக்கம். ஆடித் திருவிழாவுக்கு மடுவில் மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்க, மடு மாதாவின் சொரூபத்தையே குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். "மாதாவும் எங்களைப்போல மூட்டை கட்டிட்டா" என்று அம்மா அழுதா. 2009இல் முள்ளிவாய்க்காலில் அண்ணனை இழந்தோம். அன்றைக்குச் செபமாலையை விட்டேன்.

2012இல் சுவிஸ் வந்தேன். முதலில் நெகட்டிவ், பிறகு மேன்முறையீடு. 2014இல் அம்மா இறந்தா. கையில் 'என்' அட்டை, ஊருக்குப் போக வழியில்லை. அம்மாவின் பெட்டியைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு வேலை.

அந்தக் குளிர்காலத்தில் வேலை முடிந்தால் ஆரே ஆற்றுப் பாலத்தில் நெடுநேரம் நிற்கத் தொடங்கினேன். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை. அப்படி நிற்கிறவர் யாராவது இதை வாசித்தால், வாய் திறந்து ஒருவரிடம் சொல்லுங்கோ. 143க்கு இரவிலும் அடிக்கலாம்.

பெட்டிகளை நான் பிழையாக அடுக்குவதைக் கவனித்தவர், பக்கத்து மெசினில் நின்ற வயதான இத்தாலிக்காரர். விசயத்தைக் கேட்டுவிட்டு, "அம்மாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினாயா?" என்றார். இல்லை என்றேன். வந்த ஞாயிறு என்னை மரியாஸ்டைனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓல்டன், பாசல், பிறகு 10ஆம் இலக்க டிராமில் ஃப்ளூ, அங்கிருந்து மேலே பஸ்.

பெரிய கோயில் மேலே இருக்கிறது. மாதா இருப்பது கீழே, பாறைக் குகைக்குள். ஒடுக்கமான வழியால் படியிறங்கிப் போகவேண்டும். சுவர் முழுக்க நன்றிக் கற்கள். தாய் கண்ணயர்ந்த நேரம் பாறையிலிருந்து விழுந்த ஒரு பிள்ளையை மாதா ஏந்திக் காப்பாற்றினா என்பது அந்த இடத்துக் கதை. 1541இல் ஒரு பிரபுவும் அதே பாறையால் விழுந்து பிழைத்தாராம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் அண்ணன் விழுந்தபோது ஏந்த ஆள் எங்கே?

வெளியே இருந்து பாண் சாப்பிடும்போது இத்தாலிக்காரர் இன்னொரு கதை சொன்னார். 1874இல் அரசாங்கம் இந்த மடத்தை மூடச்சொல்லி, துறவிகள் பிரான்சுக்கும் பிறகு ஆஸ்திரியாவுக்கும் போனார்கள். 1941இல் பிறெகென்ஸில் நாசிகள் துரத்த, திரும்பி இங்கேயே வந்தார்கள். எப்படி வந்தார்கள் தெரியுமா? அகதிகளாக! தங்கள் பழைய வீட்டுக்குள்ளேயே தஞ்சம் கேட்டு. மடத்தின் உரிமை முழுதாகத் திரும்பக் கிடைத்தது 1971இல்தான். முப்பது வருசம்! நான் இரண்டு வருசத்துக்கு அந்தரப்பட்டுக்கொண்டு நிற்கிறேன்.

திரும்பவும் தனியாக இறங்கிப் போனேன். மெழுகுதிரியைக் கொளுத்தினேன். அம்மாவுக்காக அன்றைக்குத்தான் முதல்முறை அழுதேன். 'அருள் நிறைந்த மரியே' பாதியில் மறந்துபோய், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு கிழவி ஜெர்மனில் சொல்லச் சொல்ல நான் தமிழில் முடித்தேன்.

புதுமை ஒன்றும் நடக்கவில்லை. விசா வர இன்னும் இரண்டு வருசம் எடுத்தது. அண்ணனைப் பற்றிய கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது, அதையும் செபத்திலேயே கேட்கிறேன். சில நாள் சண்டை பிடிக்கிறேன். ஆனால் பாலத்தில் நிற்பதை விட்டுவிட்டேன். பிழையாக அடுக்குவதையும் பெரும்பாலும் விட்டுவிட்டேன் (எங்கள் மேலாளர் இதை வாசிக்கமாட்டார்).

அந்த அக்காவுக்கு ஒரு சொல்: ஆகஸ்டில் மரியாஸ்டைனுக்குத் தமிழர் யாத்திரை போவார்கள். எங்கள் சைவச் சனமும் நேர்த்தியோடு வருவார்கள். கீழே போகப் படிகள்தான், குழந்தை வண்டியை மேலேயே விடவேண்டும். பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு வருவேன்.