முற்பணத் தீபாவளி யாருக்குத் திருநாள்?

புரட்டாசி முடியும் தறுவாயில் பண்டாரவளை நகரம் வேறு கோலம் கொள்ளுகின்றது. துணிக்கடை வாயில்களில் ஒலிபெருக்கி முழங்குகின்றது. நடைபாதையெங்கும் சேலையும் சட்டையும் தொங்குகின்றன. பூனாகலையிலிருந்தும் ஹப்புத்தளையிலிருந்தும் வரும் பஸ் வண்டிகள் நிறைந்து வழிகின்றன. இதைக் காணும் வெளியூரார், தோட்டத்துத் தமிழனுக்கும் செல்வம் வந்துவிட்டது என்று எண்ணுவர். வந்தது செல்வமன்று, கடன். அன்று அவன் மடியிலிருக்கும் பணம் அவன் உழைத்துப் பெற்றதன்று. இனி உழைக்கப்போவதை ஈடுவைத்துப் பெற்றது. அதற்குத் தீபாவளி முற்பணம் என்று பெயர்.

முற்பணம் என்பது நன்கொடையன்று. பண்டிகைக்குமுன் ஒரு தொகையைத் தோட்ட நிருவாகம் கொடுக்கின்றது. பின்வரும் மாதங்களில் அதையே தவணை தவணையாகச் சம்பளத்தில் வெட்டிக்கொள்ளுகின்றது. பேச்சுக்கு, இருபதினாயிரம் ரூபாய் பெற்ற ஒருவரைக் கொள்வோம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியான நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கின்படி அவர் ஏறக்குறைய பதினைந்து நாள் உழைப்பைத் தீபாவளிக்குமுன்னரே விற்றுவிட்டார். பத்துத் தவணையானால் மாதம் ஒன்றரை நாள் அவர் பழைய தீபாவளிக்காகக் கொழுந்து பறிக்கின்றார். கூலி பின்னர் உயர்ந்தாலும் இக்கணக்கின் இயல்பு மாறாது. மழையால் வேலை குறைந்த மாதத்திலும், முழுப்பேர் அரைப்பேராகிவிட்ட மாதத்திலும், கடன் மாத்திரம் அரைக்கடன் ஆவதில்லை.

வேறொரு வழக்குக்காக என்னிடம் வந்த ஒரு தாய் தம் சம்பளச் சிட்டையை மேசைமீது வைத்தார். சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயிற் பணம், முற்பணம் என்று கழிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. "போன தீபாவளிக் கடனே இன்னும் முடியல்லீங்க ஐயா, அதுக்குள்ள இந்தத் தீபாவளிக்குப் பேர் எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார் அவர். முறைப்பாடாகக்கூட அவர் அதைச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். பல தலைமுறையாகக் கடனில் வாழ்ந்தவருக்குக் கடனும் ஒரு பருவம்போல ஆகிவிட்டது.

இது புதிய நோயன்று. நம் பாட்டனார் இம்மலைக்கு வந்து சேரும்போதே கடனாளிகளாய் வந்தனர். கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் அவர்கள் தலையில் எழுதப்பட்டன. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், கடன் இவ்வளவு என்று குறித்த "துண்டு" கையில் இருக்க வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்ளும். அந்தத் துண்டு முறையை 1921ஆம் ஆண்டிற் சட்டம் ஒழித்தது. துண்டு ஒழிந்தது, முற்பணம் ஒழிந்ததா? துண்டு ஆளைக் கட்டிப்போட்டது. இன்றைய முற்பணம் ஆளைக் கட்டவில்லை. அவருடைய அடுத்த ஆண்டைக் கட்டிப்போடுகின்றது. இரண்டும் ஒன்றென்று நான் கூறவில்லை. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்றே கூறுகின்றேன்.

இதில் இலாபமடைவோர் யார்? முற்பணம் கைக்கு வரும் நாள் வியாபாரிக்குத் தெரியும். அந்த வாரத்தில் விலை இறங்குமா, ஏறுமா என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை. முற்பணம் போதாதவரை நாடி நுண்கடன் முகவர் லயத்து வாசலுக்கே வருகின்றார். இத்தொழிலை ஒழுங்குபடுத்த 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. எனினும் வாரத் தவணைக்கு அஞ்சி வீட்டுக்கதவைச் சாத்திக்கொள்ளும் பெண்கள் இன்றும் இருக்கின்றனர். எஞ்சிய பணம் மதுக்கடைக்குப் போகின்றது. ஆக, தோட்ட அலுவலகத்திற் புறப்பட்ட பணம் ஒரு வாரத்துக்குள் நகரத்துக் கல்லாப்பெட்டியிற் சென்று சேர்கின்றது. லயத்தில் மிஞ்சுவது ஒரு பட்டுச் சேலையும் பத்து மாதக் கடனும்.

"ஏழை ஆண்டுக்கொருமுறை மகிழ்வதையும் தடுக்கின்றீரா?" என்று சிலர் கேட்பர். "வட்டியில்லாக் கடன்தானே, அரசாங்க உத்தியோகத்தரும் பண்டிகை முற்பணம் வாங்குகின்றனரே" என்றும் கூறுவர். மகிழ்ச்சியை நான் தடுக்கவில்லை. அதைக் கடனாக விற்பதையே எதிர்க்கின்றேன். உத்தியோகத்தருக்கு மழை பெய்தாலும் வெயில் எரித்தாலும் மாதச் சம்பளம் உண்டு, ஓய்வூதியமும் உண்டு. நாட்கூலிக்காரருக்கு அந்த நிச்சயம் எங்கே? பணம் இல்லாதவருக்குத் திருநாளே இல்லை என்று இம்மக்கள் ஒருகாலத்தில் எண்ணியதில்லை. மாசி மாதத்துக் காமன்கூத்துக்கு எந்தக் கடையில் முற்பணம் வாங்கினர்? வேடம் கட்டியவர் தோட்டத்தவர், பறை அடித்தவர் தோட்டத்தவர், விடிய விடிய விழித்திருந்தவரும் தோட்டத்தவரே.

கடலுக்கு அப்பால் நோக்குவோம். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின்பின் நம் உறவினர் பலர் நீலகிரிக்குச் சென்று அங்கும் கொழுந்தே பறித்தனர். இந்தியாவில் 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வரம்புக்குட்பட்ட தொழிலாளி ஆண்டில் ஈட்டிய கூலியில் குறைந்தது 8.33 வீதமும், உச்சமாக 20 வீதமும் போனசாகப் பெற அது வழிசெய்தது. அக்குறைந்த வீதமே பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கூலி. அங்கே தீபாவளிக்குமுன் கிடைக்கும் அப்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, அது உரிமை. ஒரே வயிற்றிற் பிறந்த இருவரில், அக்கரையில் உள்ளவர் போனஸ் பெறுகின்றார். இக்கரையில் உள்ளவர் கடன் பெறுகின்றார். இலங்கையில் தனியார்துறைத் தொழிலாளருக்கு அத்தகைய பொதுச் சட்டம் இல்லை.

இல்லாத சட்டம் வரவே வராது என்று எவரும் சோர வேண்டாம். முதுமைக்காலப் பணம் முதலாளியின் கருணையாயிருந்த காலம் ஒன்றுண்டு. 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் அதை உரிமையாக்கியது. 1980இல் ஊழியர் நம்பிக்கை நிதியமும், 1983இல் பணிக்கொடைச் சட்டமும் வந்தன. கருணையாய் இருந்தவை கேட்கத் துணிந்தவரால் உரிமையாயின.

ஆனால் நம் தொழிற்சங்கங்கள் எதைக் கேட்கின்றன? ஆண்டுதோறும் முற்பணத்தைக் கூட்டிக் கொடுக்கும்படி கேட்கின்றன. கூட்டிக் கொடுத்தால் வெற்றி என்று மாலை சூடிக்கொள்கின்றன. கூடியது என்ன? கடன் கூடியது! கடன் உயர்ந்ததற்கு வெற்றி விழா எடுக்கும் இயக்கம் உலகில் வேறெங்கேனும் உண்டா? சங்கங்களை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. சங்கம் இல்லையேல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளமும் 2021இல் வந்திராது. கேட்கும் வலிமை உடையோர் தவறான பொருளைக் கேட்கின்றனரே என்பதே என் வருத்தம்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் நாள் தீபாவளி. ஏழு நாள் கழித்து, 29ஆம் நாட் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. புதுச் சேலைக்குக் கடன் கொடுக்க ஆள் உண்டு. சரியாத நிலத்தில் ஒரு துண்டு கொடுக்க அன்று ஆள் இருக்கவில்லை. திருநாளின் ஒளியில் நாம் காணத் தவறியது அந்த மலையை.

படித்தவர்களே, உங்களிடமும் ஒரு சொல். தோட்டத்திற் பிறந்து இன்று ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வைத்தியராகவும் உயர்ந்த நாமே இந்தப் போட்டிக்கு விதை தூவினோம். நம் பிள்ளையின் பகட்டான உடையைப் பார்த்தே அடுத்த லயத்துப் பிள்ளை அழுகின்றது. வெலிமடைப் பக்கத்து விவசாயப் பெருமக்களே, உரக்கடைக் கடனுக்கு விளைச்சலைக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொடுக்கும் நீங்கள், வரப்போகும் உழைப்பை முன்னதாகவே விற்பதன் வேதனையை நன்கு அறிவீர்கள். தோட்டத்தவரின் வழக்கு உங்கள் வழக்குமாகும்.

எனவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஆண்டுக் கூலியில் ஒரு பங்கு, திருப்பிக் கொடுக்க வேண்டாத பண்டிகைக் கொடுப்பனவாகச் சட்டத்தில் இடம்பெற வேண்டும். இரண்டு, அதுவரை முற்பணம் பெறுவதும் மறுப்பதும் தொழிலாளியின் எழுத்துமூல விருப்பமாக இருக்க வேண்டும். வேலை குறைந்த மாதங்களில் தவணை நிறுத்தப்பட வேண்டும். மிகுதிக் கடன் ஒவ்வொரு மாதச் சிட்டையிலும் தமிழில் எழுதப்பட வேண்டும். மூன்று, தோட்டந்தோறும் கூட்டுறவு முறையில் துணியும் அரிசியும் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குப் பகிர வேண்டும். முதலிரண்டும் அரசும் கம்பனிகளும் தர வேண்டியவை. மூன்றாவது நாம் நாளைக்கே தொடங்கக்கூடியது.

அடுத்த தீபாவளிக்குப் பெயர் எழுதப் பெரட்டுக்களத்திற்கு ஆள் வரும்போது, "எவ்வளவு தருகின்றீர்கள்?" என்று கேட்பதை நிறுத்துவோம். "எதற்காகத் திருப்பிக் கேட்கின்றீர்கள்?" என்று கேட்கத் தொடங்குவோம். அக்கேள்வி எழும் நாளே தோட்டத்தவரின் திருநாள்.