ஒரு நாளைக்கு ஒரு முயல் வேண்டும்!

காது நுனியில் கறுப்பாக ஒரு குஞ்சம். தாடையின் இருபுறமும் தாடி. உடம்பெல்லாம் புள்ளி, வாலோ கட்டை. இதுதான் ஐபீரிய லின்க்ஸ். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மட்டுமே வாழும் காட்டுப்பூனை. சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் மகா பிடிவாதம். முயல் இருந்தால் வேறு எதையும் திரும்பிப் பார்க்காது. ஒரு நாளைக்கு ஒரு முயல் கணக்கு.

இந்தப் பிடிவாதமே அதற்கு எமனாக வந்தது. 1952-ல் பிரான்ஸில் அர்மான்-டெலில் என்கிற மருத்துவர், தன் எஸ்டேட்டில் முயல் தொல்லை தாங்காமல், முயல்களைக் கொல்லும் மிக்ஸோமடோசிஸ் வைரஸை இரண்டே இரண்டு முயல்களுக்குச் செலுத்தினார். எஸ்டேட்டைச் சுற்றித்தான் மதில் இருக்கிறதே, வெளியே போகாது என்று நினைத்தார். கொசுவுக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மதில் ஏது? சில வருடங்களில் ஐரோப்பா முழுக்க முயல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மருத்துவருக்குக் கிடைத்த தண்டனை 5,000 பிராங்க் அபராதம். அடுத்த வருடமே பயிர்களைக் காத்தவர் என்று பதக்கமும் கொடுத்தார்கள்!

முயல் போனதும் லின்க்ஸும் போனது. 1980-களின் கடைசியில் முயல்களுக்கு இன்னொரு வைரஸ் நோய் வந்தது. வேட்டை, பொறி, கார் சக்கரம் எல்லாம் சேர்ந்துகொள்ள, 2002-ல் கணக்கெடுத்தபோது நூறுகூடத் தேறவில்லை. அவையும் தெற்கு ஸ்பெயினில் இரண்டே இடங்களில்.

டொன்யானா தேசியப் பூங்காவில் உள்ள எல் அசெபூச்சே மையத்தில் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்யும் முயற்சி தொடங்கியது. 2005 மார்ச்சில் சலியேகா என்ற பெண் லின்க்ஸ் மூன்று குட்டிகள் போட்டது. எல்லோருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். சில வாரங்கள்தான். குட்டிகள் தங்களுக்குள் மூர்க்கமாகச் சண்டை போட்டதில் ஒன்று செத்தே போனது. அந்த வயதில் லின்க்ஸ் குட்டிகள் அப்படித்தான் மோதிக்கொள்ளும் என்பது அதன் பிறகுதான் புரிந்தது. அடுத்தடுத்த வருடங்களில் பணியாளர்கள் கேமராவில் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்து, சண்டை முற்றினால் பிரித்து வைத்தார்கள்.

வளர்ந்தவற்றைக் காட்டில் விட்டார்கள். காட்டில் முயல் பெருகவும் வழி செய்தார்கள். லின்க்ஸ் அடிபடும் சாலைகளுக்கு அடியில் சுரங்கப்பாதை அமைத்தார்கள். போர்ச்சுகலுக்கும் லின்க்ஸ் திரும்பியது. 2023 கணக்கெடுப்பில் குட்டிகளையும் சேர்த்து 2,000-ஐத் தாண்டிவிட்டது. 2024-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'அழியும் நிலை'யிலிருந்து ஒரு படி இறங்கி, ஆபத்து குறைந்த பிரிவுக்கு வந்தது.

அதே பட்டியலில் 'அழியும் நிலை' பிரிவில் இப்போது இருப்பது யார் தெரியுமா? அந்த ஐரோப்பிய முயல்தான்.