மதிலுக்கு அப்பால் 100 கஜம்

பிள்ளையைக் கலாசாலையில் சேர்க்கப் போகும் தகப்பனார் விசாரிக்கும் விஷயங்கள் அநேகம். சம்பளம் எவ்வளவு, பரீட்சையில் எத்தனை பேர் தேறினார்கள், படிப்பு முடிந்ததும் உத்தியோகம் கிடைக்குமா என்றெல்லாம் கேட்கிறார். தாயாரோ இன்னும் ஒரு படி மேலே போய், விடுதியில் குடிதண்ணீரைக் காய்ச்சித் தருகிறார்களா என்பது வரையில் கேட்டுவிடுகிறாள். ஆனால், “உங்கள் கலாசாலைக் காம்பவுண்டுக்குள் புகை பிடிப்பவர்கள் உண்டா?” என்று கேட்டவர் எவரையும் நான் இதுவரையில் கண்டதில்லை. அவசியம் கேட்க வேண்டிய கேள்வி அது என்பது என் அபிப்பிராயம்.

2016–17-ஆம் ஆண்டில் நம் தேசம் முழுவதிலும் வயது வந்தவர்களிடையே புகையிலைப் பழக்கத்தைப் பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 2009–10-இல் 100-க்கு 34.6 பேராக இருந்த புகையிலை உபயோகிப்போர், 28.6 பேராகக் குறைந்திருந்தனர். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். அதே கணக்கில் வேறோர் எண்ணும் இருக்கிறது. பழக்கம் தொடங்கும் வயது, சராசரியாக 18.9. அதாவது, பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களாகிய எங்கள் கையை விட்டுப் பிள்ளை போய், சர்வகலாசாலை வாசலை மிதித்து ஓர் ஆண்டு ஆகும் சமயம். பதினேழு வயது வரையில் வீட்டாரும் நாங்களும் பொத்திப் பொத்திக் காத்ததையெல்லாம் அந்த ஓர் ஆண்டில் கோட்டை விடுகிறோம்.

அந்த வயதில் தொடங்குவதன் விலை என்ன என்பதை இங்கிலாந்து தேசத்து வைத்தியர்கள் தங்கள் உடம்பைக் கொண்டே ருசுப்படுத்தியிருக்கிறார்கள். 1951-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரு நிபுணர்கள் அந்நாட்டு வைத்தியர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, அவரவர் புகைப் பழக்கத்தைக் கேட்டறிந்தார்கள். பதிலளித்த ஆண் வைத்தியர்கள் 34,439 பேர். அவர்களை 50 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து, 2004-இல் முடிவைப் பிரசுரித்தார்கள். புகைத்துக்கொண்டே இருந்தவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே மாண்டனர். 60 வயதில் விட்டவர் அதில் 3 ஆண்டுகளை மீட்டுக்கொண்டார். 50-இல் விட்டவர் 6. 40-இல் விட்டவர் 9. முப்பதிலேயே விட்டவரோ ஏறக்குறைய அந்தப் பத்தையும் மீட்டுவிட்டார். பத்தொன்பதில் பற்றிக்கொண்டதை, பட்டம் வாங்கும்போதே கலாசாலையில் போட்டுவிட்டு வருகிற வாலிபனுக்கு நஷ்டம் அநேகமாக இல்லை. இதைவிட நல்ல செய்தியை எந்த வைத்தியரும் சொல்ல முடியாது. அதனால்தான் கலாசாலை முக்கியமாகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003-ஆம் வருஷத்திய புகையிலைச் சட்டம், பொது இடங்களில் புகை பிடிக்கலாகாது என்கிறது. கல்வி ஸ்தாபனங்களையும் பெயர் சொல்லிப் பொது இடங்களோடு சேர்த்திருக்கிறது. இதற்கான விதிகள் 2008 அக்டோபர் 2-ஆம் தேதி அமலுக்கு வந்தன. காந்தி ஜயந்தியன்று! பால்யத்தில் சிகரெட் வாங்குவதற்காக வேலைக்காரனுடைய காசைத் திருடியதைச் ‘சத்திய சோதனை’யில் ஒளிக்காமல் எழுதியவர் அவர். நாளைப் பொறுக்கியவர்கள் அதை நினைத்தார்களோ, இல்லையோ, பொருத்தமாகவே அமைந்தது.

விதிகளைப் படித்துப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் வாசலில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி முதலியவற்றை உள்ளே வைத்திருக்கக் கூடாது. புகாரை யாரிடம் சொல்வது என்று அவருடைய பெயரை எழுதிப் போட வேண்டும். மீறியவருக்கு 200 ரூபாய் வரையில் அபராதம். துணைவேந்தர், முதல்வர், தலைமை ஆசிரியர் ஆகியோரே தத்தம் எல்லைக்குள் அதை வசூலிக்கலாம். இன்னும் ஒரு வேடிக்கை: புகார் வந்தும் பொறுப்பாளர் சும்மா இருந்தால், எத்தனை குற்றங்களோ அத்தனைக்கும் ஈடான அபராதத்தை அவரே கட்ட வேண்டும்! இந்த விதியின்படி தண்டம் கட்டிய முதல்வர் எவரையாவது கண்டவர்கள் எனக்குத் தெரியப்படுத்தலாம்.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. ‘பொது இடம்’ என்பதில் திறந்த வெளி சேராது என்று 2003-இல் எழுதிவிட்டார்கள். 2008-ஆம் ஆண்டு விதிகள் அதைப் பெரும்பாலும் அடைத்தன. ஆனாலும் வகுப்பறைக்குள் பிடித்தால்தான் குற்றம், வேப்பமரத்தடியில் பிடித்தால் இல்லை என்ற எண்ணம் இன்னும் பல இடங்களில் நிலவுகிறது.

மரத்தடியை விட எனக்கு வருத்தம் தருவது ஆசிரியர் அறை. பரீட்சை வேலையாக ஒரு கலாசாலைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். வாசலில் பளபளவென்று பலகை. உள்ளே, பேராசிரியர் ஒருவர் ஜன்னலோரமாக நின்று புகையை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். “ஜன்னலுக்கு வெளியேதானே விடுகிறேன்” என்று சிரித்தார். கையெழுத்துக்காக வாசலில் நின்ற இரண்டு மாணவர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கு அன்று கிடைத்த பாடம் அது. ஆழ்ந்து சிந்திப்பவன் கையில் புகை இருக்கும் என்ற மயக்கம் பழமையானது. ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-இல் வெளியான தம் முதல் கதையிலேயே திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலைப் பார்த்துத் துப்புக் கண்டவர் அல்லவா! நம் ஊர்ச் சுருட்டுக்கு அப்படி ஒரு கீர்த்தி கிடைத்ததில் எனக்கும் சற்றுப் பெருமைதான். ஆயினும் மாணவன் படிக்க வேண்டியது ஹோம்ஸின் தர்க்கத்தை. அவர் பழக்கத்தை அல்ல.

இனி மதிலுக்கு வெளியே வருவோம். கல்வி ஸ்தாபனத்தின் சுற்றுச் சுவரிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு எங்குமே விற்கக் கூடாது. முதல் வகுப்பில் சேருகிறவர்களில் பலருக்குப் பதினேழுதான் என்பதை நினைவில் வையுங்கள். கலாசாலை வாசலில் டீக்கடை இருக்கிறது. கடைக்காரர் ஏழை, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அங்கே சிகரெட் பெட்டியாக விற்பதில்லை, ஒன்றிரண்டாகவே விற்கிறது. 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் முகத்தில் 100-க்கு 85 பங்கை அடைத்துக்கொண்டு பயங்கரமான படமும் எச்சரிக்கையும் அச்சாகின்றன. அவ்வளவு பாடுபட்டு அச்சிட்ட படம், ஒற்றைச் சிகரெட் வாங்குகிற பையன் கண்ணில் படுவதே இல்லை. உள்ளே தடை கடுமையானால், இடைவேளையில் அந்தக் கடையில் கூட்டம் இன்னும் அதிகமாகும். ஆகவே மதிலோடு நின்றுவிடும் தடை அரைத் தடைதான்.

அமெரிக்காவிலும் இந்தச் சங்கடத்தைக் கண்டார்கள். மிச்சிகன் சர்வகலாசாலை 2011 ஜூலை முதல் திறந்த வெளி உட்படத் தன் எல்லை முழுவதும் புகையை விலக்கியது. பொதுச் சாலையை ஒட்டிய நடைபாதை மட்டும் விதிவிலக்கு. 2014 ஜனவரியில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் 10 கிளைகளும், மெல்லும் புகையிலையையும் மின் சிகரெட்டையும் சேர்த்தே விலக்கின. (மின் சிகரெட் விற்பனையை நம் சர்க்கார் 2019-இல் தேசம் முழுவதிலுமே தடுத்துவிட்டது.) அபராதத்தைக் காட்டிலும் எடுத்துச் சொல்வதையே அவர்கள் பெரிதும் நம்பினார்கள், விட விரும்புவோருக்கு உதவியும் ஏற்பாடாயிற்று.

நம்மவர்களுக்கோ தண்டனை என்றால் உற்சாகம். அகப்பட்ட பையனை நீக்கி வைப்பது, தகப்பனாருக்குக் கடிதம் போடுவது, அத்துடன் கடமை தீர்ந்தது! நீக்கப்பட்ட பையன் அந்த ஒரு வாரமும் எங்கே உட்கார்ந்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்? அதே டீக்கடையில்தான். நான் முன்னே சொன்ன கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 100-க்கு 55.4 பேர் விட்டுவிட யோசித்திருப்பதாகவோ திட்டமிட்டிருப்பதாகவோ சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தாமே கதவைத் தட்டுகிறார்கள், திறப்பார்தான் இல்லை. கலாசாலை வைத்தியர் வாரத்தில் ஒரு நாள் மாலை அதற்கென்று உட்காரலாம். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் மத்திய சர்க்கார் ஆலோசனை சொல்லி வருகிறது. அந்த எண்ணை விடுதிச் சுவரில் எழுதிவைக்கச் செலவு ஒரு டப்பா வர்ணம்.

வீட்டிலும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தாமே திண்ணையில் புகைத்துக்கொண்டு மகனுக்குப் புத்தி சொல்கிற தகப்பனார், ஜன்னலோரப் பேராசிரியருக்கு இளைத்தவர் அல்லர்.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது முதல்வரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். ஆசிரியர்களுக்கும் இந்த விதி உண்டா? விட விரும்பும் மாணவனுக்கு என்ன உதவி வைத்திருக்கிறீர்கள்? முதல்வர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். திரும்பும் வழியில் வாசற் பலகையில் புகார் வாங்குபவர் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து டீக்கடை வரைக்கும் எத்தனை கஜம் என்று நடந்தே எண்ணிக்கொண்டு வாருங்கள்.